பஸ்ஸுக்கு ஓடாதவள்

சுவிஸின் பீல் நகரத்தில் பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்தில் நான் மனிதர்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். பஸ் வருவதைக் கண்டதும் ஓடி வருகிறவர்கள் ஒரு வகை, பஸ் புறப்பட்ட பிறகு ஓடி வருகிறவர்கள் மற்ற வகை. இந்த நாட்டில் பஸ்ஸுக்கு ஓடாத ஆளே இல்லை. கோட்டுச் சூட்டோடு வங்கிக்குப் போகிறவரும் ஓடுவார், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தாயும் ஓடுவாள், கைத்தடியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு கிழவரும் ஓடுவார். கண்ணாடியில் இவர்களைப் பார்த்துப் பார்த்தே மனித சுபாவத்தில் பாதியைப் படித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அதைக் கெடுத்தவள் அவள்தான்.

அவள் பெயரைச் சொல்லமாட்டேன். உன்னைப் பற்றி ஒரு நாள் எழுதுவேன் என்று நான் சொன்னபோது, என் பெயரையும் போடாதே, நாட்டின் பெயரையும் போடாதே, போட்டால் தீவில் எல்லாரும் வாசித்துவிட்டு அம்மாவிடம் வந்து கதைப்பார்கள் என்றாள். தமிழில் எழுதினால் உன் தீவில் யார் வாசிக்கப்போகிறார்கள் என்று கேட்டேன். அப்படியென்றாலும் போடாதே என்றாள். கரிபியன் கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவு என்று மட்டும் சொல்லலாம். ஒரு முனையில் யாராவது தும்மினால் மற்ற முனையில் மருந்து காய்ச்சுவார்கள் என்று அவளே சொல்லுவாள்.

ரியோ ஒலிம்பிக்குக்கு முந்தைய வருடம், இலையுதிர் காலத்தில்தான் முதல் முதலில் கண்டேன். எங்கள் ஊரில் மலைக்கு மேலே ஒரு பெரிய விளையாட்டு மையம் இருக்கிறது. கம்பி இழுத்து மலையேற்றும் ரயிலில் அங்கே போகவேண்டும். அந்த ரயிலடிக்குப் போகும் பஸ் என்னுடையது. ஒரு நாள் காலையில் தரிப்பிடத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். தெருவின் அந்தத் தொங்கலில் மஞ்சள் ஜாக்கெட் போட்ட உயரமான கறுத்தப் பெண் ஒருத்தி தோளில் பையோடு வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். நான் தன்னைப் பார்ப்பதையும் பார்த்தாள். நடையில் ஒரு மாற்றமும் இல்லை. கோயில் வீதியைச் சுற்றிக் கும்பிடுகிறவள் போல வந்தாள். சரி, பாவம் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவளோ கையைத் தூக்கி, போ போ என்று சைகை காட்டினாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுவிஸில் ஒரு சாரதி காத்து நிற்பது சின்னக் காரியமா? பின்னால் இருந்த ஒரு மனிசி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். நானும் விடவில்லை, வீம்புக்கு நின்றேன். அவள் ஏறினாள், பஸ்ஸுக்குள் இருந்த எல்லாருக்கும் சேர்த்து ஒரு காலை வணக்கம் சொன்னாள். இந்த ஊரில் பஸ்ஸில் அப்படி யாரும் சொல்வதில்லை, ஒன்றிரண்டு பேர் திடுக்கிட்டுப் பதில் சொன்னார்கள். பிறகு என்னிடம் வந்து, காத்திருக்கத் தேவையில்லை, அடுத்த பஸ் வரும்தானே என்றாள். அவள் பேசியது ஆங்கிலம். என் ஆங்கிலம் அரைகுறை. ஆனால் எதையும் ஆறுதலாகச் சொல்கிறவள் என்பதால் எனக்கு எல்லாம் விளங்கியது. அவள் சொன்னவற்றை இங்கே என் தமிழில்தான் சொல்கிறேன்.

அடுத்த நாளும் அதே நடை, அதற்கடுத்த நாளும் அதே நடை. ஏறும்போது கைபிடியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, அது சரியாக நிற்கிறதா என்று பார்த்து, மற்றக் காலை வைப்பாள். எனக்கு நிலைமை விளங்கிவிட்டது. இந்தப் பிள்ளைக்குக் காலில் ஏதோ வருத்தம், மலைக்கு மேலே வைத்தியத்துக்குப் போகிறது. அன்றிலிருந்து அவளைக் கண்டால் பஸ்ஸின் ஒரு பக்கத்தைத் தரையோடு பதித்துக் கொடுப்பேன். சக்கர நாற்காலிக்காரருக்காக இருக்கும் வசதி அது. புஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டு பஸ் குனியும். அவள் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்லுவாள். இந்த நாட்டில் விருந்தினருக்குச் செய்யும் மரியாதை அது என்று அவள் நினைத்திருக்கிறாள்.

உண்மை என் மனைவி மூலம்தான் வெளியே வந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் கடைசியாகக் கிடந்த ஈரப்பலாக்காயை மனைவி எடுக்கக் கை நீட்ட, எதிர்ப்பக்கத்திலிருந்து அவளுடைய கையும் நீண்டிருக்கிறது. அவர்களுடைய தீவிலும் அதுதான் சோறு மாதிரி. அவர்கள் முழுக்காயாக நெருப்பில் சுட்டுத் தின்பார்கள், நாங்கள் பால்விட்டுக் கறி வைப்போம். எது சரி என்று கடைக்குள் நின்று விவாதித்து, முடிவாகக் காயைப் பாதியாக வெட்டாமல் ஆளையே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள் மனைவி. நான் வேலை முடிந்து வந்தபோது என் கதிரையில் அவள் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பிள்ளை ஓட்டக்காரியாம். மலையிலை பயிற்சி எடுக்க வந்ததாம். ஒலிம்பிக்கிலை ஓடினதாம்” என்றாள் மனைவி.

“ஆர், இந்தக் கால் ஏலாத பிள்ளையோ?”

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை மொழிபெயர்த்தாள். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், நாலு பாஷையிலும் தட்டித் தடவிக் கதைப்பாள். பஸ்ஸைக் குனிய வைத்ததன் காரணம் விளங்கியதும் ஓட்டக்காரிக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. சிரிக்கும்போதுகூட அவசரப்படவில்லை. முதலில் தோள் குலுங்கியது, பிறகு கண் நிறைந்தது, சத்தம் கடைசியில்தான் வந்தது.

அன்று தொடங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். இப்படியொரு ஆறுதலான பிறவியை நான் கண்டதில்லை. ஒரு மீன் துண்டை முள் எடுத்துத் தின்று முடிப்பதற்குள் நாங்கள் சாப்பிட்டு, கோப்பை கழுவி, தேத்தண்ணியும் குடித்துவிடுவோம். எங்கள் வீடு மூன்றாம் மாடி. படிக்கட்டில் அவள் ஏறி வருகிறாள் என்றால் மனைவி அதற்குப் பிறகுதான் அப்பளம் பொரிக்க எண்ணெய் வைப்பாள். மகளின் பிறந்தநாளுக்குப் பாட்டுப் போட்டு எல்லாரும் ஆடினோம். கரிபியன்காரி, எங்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுவாள் என்று பார்த்தால், அவள் கதிரையில் இருந்தபடி இடுப்புக்கு மேலே மட்டும் ஆடினாள். அழகாகத்தான் ஆடினாள். ஆனால் கால் இரண்டும் வாடகைக்கு எடுத்த சாமான் மாதிரி அசையாமல் கிடந்தன.

பனிக்காலத்தில் இது இன்னும் மோசமானது. சப்பாத்துக்கு அடியில் ஆணி பதித்த பட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, கிழவிகளும் அவளைத் தாண்டிப்போக, தெருவோரக் கம்பியைப் பிடித்துப் பிடித்து நடப்பாள். மலையில் அவளோடு பயிற்சி செய்த சுவிஸ் பிள்ளைகள் சறுக்குவண்டி விடக் கூப்பிட்டார்கள். போனாள். போய், எல்லாருடைய கோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் குந்தியிருந்துவிட்டு வந்தாள். பயந்தவள் என்று சிலர் சொன்னார்கள், பெருமைக்காரி என்று சிலர் சொன்னார்கள். என் மனைவிக்கே ஒருநாள் பொறுக்கவில்லை. “எந்த நேரமும் தன்னைக் கண்ணாடிப் போத்தல் மாதிரித் தூக்கிக்கொண்டு திரியிறாள்” என்று என்னிடம் முணுமுணுத்தாள்.

மைதானத்தில் அவள் ஓடுவதை ஒரே ஒரு முறை பார்த்தேன். விடுமுறை நாளில் மலைக்குப் போயிருந்தேன். நானூறு மீற்றர் ஓட்டம், ஒரு முழுச்சுற்று. தொடங்கினதுதான் தெரியும். என் பஸ்ஸை இவ்வளவு நாளும் காக்கவைத்த அந்தக் கால்களா இவை என்று வாயைப் பிளந்தேன். சுற்றை முடித்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலை எடுக்க அதே ஆமை நடையில் வந்தாள். அன்றைக்குத்தான் காரணம் கேட்டேன். புல்லில் இருந்து, கால் இரண்டையும் நீட்டிவிட்டுச் சொன்னாள்.

லண்டன் ஒலிம்பிக்குக்கு அவள் போயிருந்தாள். சின்ன நாடுகளுக்கு இரங்கிக் கொடுக்கும் ஒற்றை இடத்தில் போனாள். கொடி பிடித்தாள், முதல் சுற்றில் ஓடினாள், கடைசியாக வந்தாள். அது அவளுக்குப் பெரிய கவலையில்லை. ஓடி முடித்த பிறகு கட்டிப்பிடிக்க ஆளில்லாமல் நின்றதுதான் கவலை. சில நாள் கழித்துப் பெண்களின் அஞ்சலோட்டம் பார்த்தாள், நாலு பேர் மாறி மாறிக் கோலைக் கொடுத்து ஓடுவது. முடிவில் தோற்ற நாலு பேரும்கூட ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அடுத்த முறை வந்தால் நாலு பேராக வருவேன், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாளாம். தீவுக்குப் போய்த் தேடினாள். தேடித் தேடி, தன்னோடு சேர்த்து நாலு பேரைக் கண்டுபிடித்தாள்.

“எங்கடை நாட்டிலை இந்தச் சுற்றை இந்த வேகத்திலை ஓடக்கூடிய பொம்பிளையள் நாலு பேர்தான். அஞ்சாவது ஆள் இல்லை. நான் பஸ்ஸுக்கு ஓடி விழுந்தால் என்ரை கால் மட்டும் முறியாது” என்றாள்.

பெரிய நாட்டுக்காரர் கால் சுளுக்கினால் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். இவளுக்குப் பின்னால் கடல்தான். அதற்குப் பிறகு நான் பஸ்ஸில் காத்து நிற்கும்போது யார் பெருமூச்சு விட்டாலும் கண்ணாடியில் ஒரு முறை முறைத்துப் பார்ப்பேன்.

அடுத்த கோடையில் மற்ற மூன்று பேரும் பீலுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர் அமெரிக்காவிலிருந்து. அதில் ஒருத்தி கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள், எந்த நேரமும் கைபேசியில் அந்தப் பிள்ளையின் முகம்தான். மூன்றாவது, தீவிலிருந்து நேராக வந்த கடைக்குட்டி, பத்தொன்பது வயது. நாலு பேரிலும் வேகமானவள் அவள்தான், எல்லாவற்றிலும் வேகம். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவுவாள், என் பஸ்ஸைக் கண்டதும் துள்ளுவாள், இவள் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்து நிறுத்துவாள். ஒலிம்பிக் அஞ்சலோட்டத்தில் உலகத்தில் பதினாறு அணிகளுக்குத்தான் இடம். இரண்டு ஓட்டங்களின் நேரத்தைக் கூட்டிப்பார்த்துத் தெரிவார்கள். ஒரு நல்ல நேரம் அவர்கள் கையில் இருந்தது. மற்றதை ஜூலைத் தொடக்கத்தில் ஒரு ஏரிக்கரை நகரத்துப் போட்டியில் ஓடிக்காட்ட வேண்டும். அதை விட்டால் வேறு போட்டி இல்லை, நாள் முடிந்துவிடும்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழர் விளையாட்டு விழா. ஒலிம்பிக் ஆட்கள் எங்கள் ஊரில் இருக்கும்போது வேறு யாரைப் பிரதம விருந்தினராகக் கூப்பிடுவது? விழாக்குழுவில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அவளிடம் கேட்டேன். வந்து கதிரையில் இருக்கிறோம், இருக்க மட்டும்தான் என்று சொல்லித்தான் சம்மதித்தாள்.

பாடன், ஷ்லீரன் என்று தள்ளியிருக்கும் ஊர்களிலிருந்தும் சனம் பஸ் பிடித்து வந்திருந்தது. நாலு பேருக்கும் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்கு ஏற்றவைத்து, அணிநடை மரியாதையும் கொடுத்தோம். நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று அணிகளாகப் பிரிந்த இல்லப் பிள்ளைகள் கையை வீசி நடந்து வந்து இவர்களுக்கு நேரே தலையைத் திருப்பினபோது கடைக்குட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. உரைகள் ஐந்தாறு நடந்தன. பிறகு ஓட்டங்கள், சாக்கோட்டம், எங்கள் ஆட்கள் உயிரைக் கொடுக்கும் கயிறிழுத்தல். மைதானத்தின் நடுவில் இடம் போதாமல், ஓடும் பாதைக்குக் குறுக்கே வைத்துத்தான் கயிறு இழுத்தார்கள். இரண்டு பக்கத்துத் தடியன்களும் குதியை ஊன்றி ஊன்றிப் புல்லைக் கிளறிவிட்டிருந்தார்கள்.

எங்கள் அறிவிப்பாளர் அண்ணையிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தால் திருப்பி வாங்குவது கஷ்டம். யாரையும் கேட்காமல், அடுத்ததாக எமது விருந்தினர்கள் எமது இளைஞர்களோடு ஒரு சிநேகபூர்வ ஓட்டம் ஓடிக்காட்டுவார்கள் என்று அறிவித்துவிட்டார். சனம் கைதட்டியது. அவள் எழுந்து கைகூப்பி, சிரித்து, இல்லை என்று தலையாட்டினாள். அண்ணை விடவில்லை. எங்கள் வழக்கம் தெரியும்தானே. விருந்தாளி வேண்டாம் என்றால் இன்னும் ஒருமுறை கேட்பது, பிறகும் வேண்டாம் என்றால் கையைப் பிடித்து இழுப்பது. கைதட்டல் கூடிக்கொண்டு போனது. “ஒருக்கா ஓடிக்காட்டினால் குறைஞ்சோ போயிடுவினம்” என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அவள் அசையவில்லை. கடைக்குட்டிக்கு அது தாங்கவில்லை. அத்தனை மரியாதை செய்த சனத்துக்கு இல்லை என்று சொல்ல அந்த வயதில் மனம் வராது. பொன்னாடையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பெடியன்களோடு கோட்டில் நின்றுவிட்டாள்.

பாதிச் சுற்றிலேயே எங்கள் பெடியன்களைத் தூசியாக்கிவிட்டாள். கயிறிழுத்த இடத்துக்கு வந்தாள். ஒரு குதிக்குழியில் கால் மடங்கியது. அவள் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

சனம் முழுவதும் அந்த இடத்துக்கு ஓடியது. ஒருவர் தைலத்தோடு ஓடினார், ஐஸ்கிரீம் விற்ற தம்பி பெட்டியையே தூக்கிக்கொண்டு ஓடினான், என் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். ஓடாத ஒரே ஆள் அவள். மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, நிலத்தைப் பார்த்துப் பார்த்து, அதே நடையில் வந்தாள். இவளுக்கு நெஞ்சுக்குள் என்ன கல்லா என்று சனம் பார்த்தது. எனக்கும் அந்த நேரம் அவளைப் பிடிக்கவில்லை. கூடப்பிறந்தவள் மாதிரி ஒரு பிள்ளை விழுந்து அலறுகிறது, இப்போதுமா ஆறுதல்? அவள் வந்தாள், முழந்தாளிட்டாள், சப்பாத்தின் கயிற்றை மெல்ல அவிழ்த்தாள். கடைக்குட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஐஸ்கிரீம்களை எடுத்துக் கணுக்காலைச் சுற்றி வைத்துக் கட்டினாள். அதே குழிகளுக்கு மேலால் நானும் ஓடியிருந்தால் இரண்டு பேர் அல்லவா கிடந்திருப்போம் என்று பிறகு மனைவியிடம் சொன்னாளாம். அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இப்படி நினைத்து நடக்க ஒரு மனுசி தன்னை எவ்வளவு காலம் பழக்கியிருக்க வேண்டும்?

எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்திருக்கிறது என்றார் வைத்தியர். ஊசி போட்டு இறுக்கிக் கட்டினால் அந்த ஒரு ஓட்டத்தை ஓடலாம், ஆனால் பிறகு அந்தக் கால் எப்படி இருக்கும் என்று தன்னால் உறுதி தரமுடியாது என்றும் சொன்னார். தீவிலிருந்த பயிற்சியாளர் முடிவை அவர்களிடமே விட்டுவிட்டார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அந்தக் கதை நடந்தது. கடைக்குட்டி ஓடுகிறேன் என்று நின்றாள். மற்ற இருவரும் வாயால் சொல்லவில்லை, ஆனால் அவர்களுக்கும் ஆசை தெரிந்தது. குழந்தையை விட்டு வந்தவள் மேசை விரிப்பைப் பிய்த்துக்கொண்டு, இவ்வளவும் வீணா என்று மட்டும் கேட்டாள். மனைவி சமைத்து வைத்தது அப்படியே கிடந்தது.

அவள் எல்லாரையும் கதைக்கவிட்டுக் கேட்டாள். பிறகு சொன்னாள்.

“இவளை ஓடவிட்டால் நாங்கள் ரியோவுக்குப் போவம். அதுக்குப் பிறகு எங்கடை நாட்டிலை மூண்டு பேர்தான் இருப்பம். மூண்டு பேருக்கு எந்தப் போட்டியும் இல்லை.”

“என்ரை கால். நான்தானே முடிவெடுக்க வேணும்” என்றாள் கடைக்குட்டி.

“உன்ரை கால்தான். ஆனால் நான் கோலை உன்ரை கையிலை தரமாட்டன்.”

அவ்வளவுதான். குழந்தைக்காரி எழுந்து போய்விட்டாள், விமானம் ஏறும்வரை இவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த முறையும் தீவுக்கு ஒற்றை இடம் கிடைத்தது. தனியாகப் போனது ஒரு தரம் போதும் என்று இவள் மறுக்க, நீளம் பாயும் ஒருத்தியை அனுப்பினார்கள்.

ஏரிக்கரை நகரத்தில் அவர்கள் ஓடியிருக்க வேண்டிய அன்று பிற்பகல் அவள் என் பஸ்ஸில் ஏறினாள். போவதற்கு இடம் எதுவும் இல்லை. எனக்குப் பின்னால் இருந்த சீற்றில் இருந்து, கடைசித் தரிப்பிடம்வரை வந்து, இறங்காமல் திரும்பவும் அதே வழியில் வந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள், கடிகாரத் தொழிற்சாலை விட்டு ஆட்கள் ஏறி இறங்கினார்கள், அவள் இருந்தாள். கடைசித் தரிப்பிடத்தில் எனக்குக் கொஞ்ச ஓய்வு கிடைக்கும். சுடுதண்ணிப் போத்தலில் இருந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், அவள் எனக்கு எப்போதும் சொல்வதையே சொன்னேன், அடுத்த பஸ் வரும்தானே என்று.

“வரும். அதிலை எனக்கு இடம் இருக்குமோ தெரியாது. எனக்கு முப்பத்திரண்டு வயசு” என்றாள்.

பிறகு அழுதாள். அதையும் ஆறுதலாகவே அழுதாள். புறப்படும் நேரம் வந்தது, நான் புறப்படவில்லை. அன்றைக்கு என் பஸ் பிந்தியதற்கு அலுவலகத்தில் காரணம் கேட்டார்கள். கதவு மூடவில்லை என்று சொன்னேன்.

இலை உதிரும் முன் அவள் தீவுக்குப் போய்விட்டாள். மனைவியோடு மட்டும் தொடர்பு இருந்தது. படம் அனுப்புவாள், சுட்ட ஈரப்பலாக்காய்ப் படம்தான் கூட. கடைக்குட்டியின் கால் சுகமாகிவிட்டது, தீவில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறோம், குழந்தைக்காரி ஒரு வருடம் கழித்துக் கோபம் ஆறித் திரும்பி வந்துவிட்டாள் என்று செய்திகள் வரும். தன் ஓட்டம் பற்றி எதுவும் எழுதமாட்டாள். நாங்களும் கேட்கவில்லை. அந்த வயதில் விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டோம்.

பிறகு கொரோனா வந்தது, ரோக்கியோ ஒலிம்பிக்கை ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்ட அந்தக் கோடையில் ஒருநாள் மனைவி கைபேசியோடு ஓடி வந்தாள். தீவின் அணி பதினாறுக்குள் வந்துவிட்டது. மஞ்சள் சீருடையில் நிற்கிறார்கள், நடுவில் இவள். மனைவி சந்தோஷத்தில் அக்கம்பக்கத்துச் சுவிஸ்காரர் கதவையெல்லாம் தட்டிச் சொன்னாள். அவர்கள் யாருக்கும் அந்த நாடு எங்கே என்று தெரியவில்லை.

ஓட்டம் எங்களுக்கு நடுப்பகலில் வந்தது. வேலையை மாற்றிக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். ஒவ்வொரு நாடாகக் காட்டினார்கள், தீவு வந்தது. முதலாவது ஒரு புதுப்பிள்ளை. இரண்டாவது குழந்தைக்காரி. மூன்றாவது இன்னொரு புதுப்பிள்ளை. கடைசியாக, கடைக்குட்டி. பெரிய பெண்ணாகிவிட்டாள். அவளைக் காணவில்லை. நான் மனைவியைப் பார்த்தேன், மனைவி என்னைப் பார்த்தாள். வெடி வெடித்தது. எங்களுக்கு ஓட்டத்தைப் பார்க்கவா, அவளை நினைக்கவா என்று தெரியவில்லை. கடைக்குட்டி கோலை வாங்கும்போது கடைசியாக நின்றார்கள். அவள் ஒருத்தியை முந்தினாள், வர்ணனையாளர் தீவின் பெயரை ஒருமுறை சொன்னார், பிழையாகத்தான் சொன்னார். அந்தச் சுற்றில் ஓடிய எட்டு அணிகளில் ஏழாவதாக முடித்தார்கள். தீவு இதுவரை ஓடியதில் மிக நல்ல நேரம் அது என்று திரையில் எழுத்து வந்தது. நாலு பேரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் வாய்விட்டு அழுதேன். பாதி சந்தோஷம், பாதி அவளை அங்கே காணாத வயிற்றெரிச்சல். அஞ்சு வருடம் இதற்காகக் கிடந்தவளைக் கடைசியில் கழற்றிவிட்டார்களே என்று திட்டினேன்.

பின்னேரம் அவளே அழைத்தாள். திரையில் முகம் வந்தது. தலையில் சில நரைமயிர், கழுத்தில் ஒலிம்பிக் அட்டை, காலில் ஓட்டச் சப்பாத்து இன்னும் கட்டினபடி. சூடேற்றும் மைதானத்தில் ஓடத் தயாராக நின்றதாகவும், யாருக்காவது ஒன்று நடந்தால் உள்ளே போவதற்குத் தான்தான் ஐந்தாவது ஆளாக இருந்ததாகவும் சொன்னாள். அதற்காகத்தான் ஒரு நாளும் விடாமல் இத்தனை வருடமும் பயிற்சி செய்ததாகவும் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“அவ்வளவு தூரம் போய் ஓடாமல் வாறது கவலை இல்லையோ?” என்று கேட்டுவிட்டேன்.

அவளுக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு கண் நிறைந்தது.

“நாங்கள் அஞ்சு பேர் வந்தனாங்கள். நாலு பேர் ஓடிச்சினம், ஒராள் மிஞ்சினது” என்றாள். “எங்கடை நாட்டிலை ஒராள் மிஞ்சினது இதுதான் முதல் தரம். அது நான்.”